களனி அடையலும் எட்டு நிமிடமும்: மாநாட்டு மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு மாநாட்டில் முதன்முதலாகப் பேசியபோது என் முதல் படத்தில் 'முகத்துவாரம்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். களனி கங்கை கடலோடு சேரும் இடம். கொழும்பில் அந்தப் பெயரைச் சொன்னால் பஸ் கொண்டக்டருக்கும் தெரியும். மண்டபத்தில் இருந்தவர்களுக்கோ இலங்கை எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு வரைபடம்கூட நான் வைக்கவில்லை. பேசி முடித்ததும் வந்த முதல் கேள்வி: "இது ஆறா, ஏரியா?" எனக்குத் தந்த எட்டு நிமிடமும் வீணாய்ப் போயிற்று.

இப்போது கலாநிதிப் பட்டத்துக்கு அடையல், அதாவது ஆறு, வாவிகளின் அடியில் படியும் மணலும் சேறும் பற்றி ஆய்வு செய்யும் தம்பி தங்கைமார் ஒத்திகை பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அநேகமாக அதே தவறுதான் அங்கும். கேட்பவருக்கு நம் ஆறு தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு வரைபடம், அளவுகோல், ஆறு ஓடும் திசை, மாதிரி எடுத்த மாதம் இவ்வளவும் முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். மாதத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தென்மேல் பருவமழையில் கலங்கி ஓடும் களனியும் பெப்ரவரிக் களனியும் ஒன்றா?

அடுத்தது உலோகம். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொழும்பின் பேர வாவிச் சேற்றில் ஈயம் இவ்வளவு, களனி மணலில் இவ்வளவு, ஆகவே வாவி மாசடைந்துவிட்டது என்று ஒரு படம் போடுவார்கள். முடிவு சரியாகவே இருக்கலாம், ஆனால் வாதம் நிற்காது. ஈயம், செம்பு, நாகம் (துத்தநாகம்) எல்லாம் நுண்துணிக்கைகளில்தான் கூடுதலாக ஒட்டும். 63 மைக்ரோமீற்றருக்கு மேலே மணல். கீழே வண்டலும் களியும். மாசே இல்லாத இடத்துக் களியிலும் மணலைவிட உலோகம் கூடத்தான் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் காட்டுவது மாசையா, களியையா?

இதற்கு வழி உண்டு. 63 மைக்ரோமீற்றர் அரிதட்டில் சலித்து, கீழே இறங்குவதை மட்டும் ஒப்பிடலாம். அல்லது உலோகத்தை அலுமினியத்தோடு விகிதமாகக் காட்டலாம். அலுமினியம் பெரும்பாலும் களிக் கனிமங்களோடு வருவதால், களி எவ்வளவு என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். இரண்டும் செய்யவில்லையா? சரி, உலோகப் படத்துக்குப் பக்கத்திலேயே துணிக்கைப் பருமனையும் வைத்து, குறையை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்பதற்கென்றே பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் போன அமர்வுகளில் அவர் இல்லாத அமர்வு குறைவு.

துணிக்கைப் பருமனை மில்லிமீற்றருக்குப் பதிலாக ஃபை (φ) என்ற அளவில் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் எண் கூடக்கூடத் துணிக்கை சிறிதாகும். அதைச் சொல்லாமல் "இங்கே கூடுகிறது" என்று விரலை நீட்டினால், பாதிப் பேர் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள்.

அடையல் அடுக்குகளின் வயது கணிப்பில் பேராசை வேண்டாம். இயற்கையில் உண்டாகும் கதிரியக்க ஈயமான ஈயம்-210இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 22 வருடம். அதை வைத்து நூறு, நூற்றைம்பது வருடத்துக்குள் பேசலாம். அந்தக் கோட்டை அப்படியே ஒல்லாந்தர் காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போன ஒத்திகை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய கதிரியக்கப் பொருளான சீசியம்-137இலும் கவனம் தேவை. பாடநூலில் 1963க்கு நேரே கூர்மையாக நிற்கும் முனை வட ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களுக்குப் பொருந்துவது. அணுகுண்டுச் சோதனைத் தூசி அதிகம் விழுந்தது அந்தப் பக்கத்தில்தான். ஏழு பாகை அகலக்கோட்டில் இருக்கும் நமக்கு அது மங்கலாகவே கிடைக்கும். அதற்கு மேல், தூர்வாரிய வாவி என்றால் அடுக்குகளே கலைந்திருக்கும். முனை தெளிவாக இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மேடைப் பேச்சுக்குப் பதிலாகச் சுவரொட்டி போடுபவர்கள் அச்சடிக்கக் கொடுக்கும் முன் பலகை நெட்டையா, குறுக்கா என்று பாருங்கள். ஏ0 தாள் 84 சென்ரிமீற்றருக்கு 119. குறுக்காக அச்சடித்துக்கொண்டு போய், நெட்டைப் பலகையில் இரண்டு பக்கமும் தொங்கவிட்ட கதை என்னுடையதுதான். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

மாநாடு ஐரோப்பாவில் என்றால், அங்குள்ள பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றைக்கே நாள் பதியுங்கள். அப்புறம், காட்டுவதற்கென்று குப்பியில் சேறு கொண்டுபோகாதீர்கள். தாவரத் தொற்றுத்தடைச் சட்டப்படி பல நாடுகள் மண்ணை வாசலிலேயே மறித்துவிடும்.

அடியில் குழாய் இறக்கி எடுத்த அகழ்வு மாதிரியின் படம் போதும். அதிலும் ஒரு விஷயம்: அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் இரண்டு ரூபாய்க் குற்றி வைத்துப் படமெடுப்பது நம் வழக்கம். அந்தக் குற்றி எவ்வளவு பெரியது என்று வியன்னாவில் யாருக்குத் தெரியும்? அடிமட்டத்தை வையுங்கள்.