மலிவு விலைச் சிற்றலை ரேடியோவை வீட்டில் வைத்துச் சோதிப்பது எப்படி

"எந்தச் சிற்றலை (ஷோர்ட்வேவ்) ரேடியோ வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது "உங்கள் வீட்டில் எத்தனை எல்ஈடி பல்ப் எரிகிறது?" என்றுதான். பகிடி இல்லை. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் முதலில் வாங்கிய மலிவு ரேடியோவில் இரவு முழுக்க இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை, செற் சரியில்லை என்று முடிவுகட்டி மூதூரில் இருக்கும் மாமாவிடம் கொடுத்துவிட்டேன், அடுத்த மாதம் அங்கே போனால் வளவுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு அதே ரேடியோவில் அவர் பிபிசி ஆங்கிலச் செய்தியைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பழுது ரேடியோவில் இல்லை, எங்கள் குசினி பல்பில் இருந்திருக்கிறது.

அதனால் ரேடியோவை எடை போடுவதற்கு முன்பு வீட்டை எடை போடுங்கள். ரேடியோவை பற்றரியில் மட்டும் போட்டு (சார்ஜரில் செருகிக்கொண்டு சிற்றலை கேட்காதீர்கள், சார்ஜரே பெரிய இரைச்சல் பெட்டி), 49 மீற்றர் அலைவரிசையில், அதாவது 5900 முதல் 6200 கிலோஹேர்ட்ஸுக்குள், நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி அந்த இரைச்சலைக் காதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும்: மலிவு எல்ஈடி பல்ப், போன் இல்லாமலே செருகிக் கிடக்கும் சார்ஜர், ரவுட்டரின் அடப்டர், மின்விசிறி ரெகுலேட்டர், ரிவி. அம்மா சீரியல் பார்க்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ வீதிக் கம்பியிலிருந்தோ வருகிறது, அதற்கு ரேடியோவை ஜன்னலோரமோ மொட்டை மாடியோ கொண்டுபோவதுதான் வழி. கொங்கிறீற் தட்டும் இரும்புக் கம்பி ஜன்னலும் உள்ள நடு அறையில் வைத்து எந்த ரேடியோவுக்கும் மார்க் போடக்கூடாது.

அடுத்தது நேரம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு 49 மீற்றரில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சூரியன் இருக்கும்போது சிற்றலையைத் திருப்பி அனுப்பும் வானின் அயனிப்படலத்தின் கீழ் அடுக்கு குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும், அப்போது 19, 16 மீற்றர்களில் (15 முதல் 18 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) தேட வேண்டும். இருட்டிய பிறகு 49, 41, 31 மீற்றர்கள் உயிர்பெறும். என் கணக்கில் இரவு ஏழு முதல் பத்து வரைதான் நம் ஊருக்கு நல்ல சோதனை நேரம். ஒரே இரவில் முடிவு எடுக்காதீர்கள், மூன்று இரவாவது கேளுங்கள், வானத்துக்கும் நல்ல நாள் கெட்ட நாள் இருக்கிறது.

சரி, எதை வைத்துச் சோதிப்பது? பேச்சு நிலையங்களின் நேர அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும், அட்டவணையில் உள்ள உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். ஆனால் 10,000 கிலோஹேர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் என்ற நிலையத்திலிருந்து, நேரம் காட்டும் சமிக்ஞை நாள் முழுக்க ஒலிபரப்பாகிறது, ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு டிக். எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. இரவில் அந்த டிக், ரேடியோவோடு வரும் கம்பி அன்ரனாவை மட்டும் வைத்தே கேட்டால் ரேடியோவுக்குக் காது இருக்கிறது. திரையில் 10,000 என்று காட்டும்போது மங்கலாகவும் 10,005 இல் தெளிவாகவும் கேட்டால் அதன் எண்ணை நம்ப முடியாது.

இனி மலிவு ரேடியோக்களின் உண்மையான நோய். பலமான ஒரு நிலையம் தன் இடத்திலும் கேட்கும், சரியாக 910 கிலோஹேர்ட்ஸ் கீழேயும் பேய் மாதிரி கேட்கும். 9700 இல் இருப்பது 8790 இலும் வந்தால் அந்தப் பேய்தான் அது. பழைய முறையில் செய்யப்பட்ட ஒற்றை மாற்று ரேடியோக்கள் (வரும் அலையை உள்ளே ஒரே தடவை இன்னோர் அதிர்வெண்ணுக்கு மாற்றுபவை) 455 கிலோஹேர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணில் இயங்குவதால் அதன் இரட்டிப்பு தூரத்தில் இந்தப் பிரதி விழுகிறது. "ஒரே நிலையம் இரண்டு இடத்தில் வருகிறதே, நல்ல ரேடியோ" என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை இலவசமாக இருக்கிறது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி இங்கே பல வருடங்கள் நடத்திய மறு ஒலிபரப்பு (ரிலே) நிலையம் 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது, அங்கே இருப்பவை தூர தேசங்களுக்கு எறியும் பெரிய ஒலிபரப்பிகள். அது ஏதாவது அனுப்பும் நேரமாக இருந்தால் நிலாவெளிப் பக்கம் உள்ளவர்கள் மற்ற அலைவரிசைகளில் அதன் குரல் கசிகிறதா என்று பாருங்கள். மலிவு ரேடியோ பக்கத்துச் சத்தத்தில் திணறிப்போகும். நல்லது சமாளிக்கும்.

இதற்குப் பிறகு 5 கிலோஹேர்ட்ஸ் தள்ளி இரண்டு நிலையங்கள் இருக்கும் இடம் ஒன்றைத் தேடி, பலவீனமானதைக் கேட்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியோ ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலை அகலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் இங்கேதான் அதன் பெறுமதி தெரியும். டிஎஸ்பி சிப் (சமிக்ஞையை எண்களாக்கிக் கையாளும் சிப்) உள்ள ரேடியோக்களில் ஒரு எரிச்சல், சமிக்ஞை மெலிந்தவுடன் சிப் தானாகச் சத்தத்தை அமுக்கிவிடும், கஷ்டப்பட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் செய்தி நடுவில் விழுங்கப்படும். திருகும்போது ஒவ்வொரு படியிலும் சத்தம் அறுபடுவதும் அதே குடும்பம்தான். பழைய முள் ரேடியோவில் வளர்ந்தவர்களுக்கு இது பொறுக்காது, கடையிலேயே திருகிப் பாருங்கள்.

மத்திய அலைக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள், ஏனென்றால் தமிழ் கேட்க இப்போது அதுதான் கைகொடுக்கும். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது, வெரித்தாஸ் வானொலி அடுத்த வருடம் சிற்றலையை விட்டது, "சிற்றலையில் தமிழ் நிறைய வரும்" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இரவில் திருச்சி 936, தூத்துக்குடி 1053, சென்னை 720 ஆகியவற்றைத் தேடுங்கள். நமது பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவுக்குச் செய்த ரேடியோ 10 இல் தாவும். 720 இரண்டிலும் சரியாக விழும் என்பதால் அதை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், 936 இல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த அலைக்குக் கம்பி அன்ரனா உதவாது, உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டுதான் வேலை செய்கிறது, ரேடியோவையே மெதுவாகச் சுற்றித் திசை பிடிக்க வேண்டும்.

மாதிரிகள் பற்றி என் அபிப்பிராயம்: கையில் குறைவான காசு இருந்தால் டெக்சன் ஆர்-9012 போதும், முள் ரேடியோ, இரண்டு சிறிய பற்றரி, ஆனால் எண் காட்டாது. டெக்சன் பிஎல்-310இடி எண் காட்டும், மூன்று பற்றரியில் ஓடும், வெளி அன்ரனா செருகலாம். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) வேண்டும் என்றால் பிஎல்-330 அல்லது எக்ஸ்எச்டேட்டா டி-808. முன்னதில் போடுவது பழைய நோக்கியா போன் பற்றரி வகை, பின்னதில் டோர்ச் லைட்டில் வரும் 18650, இரண்டும் சாதாரணக் கடையில் கிடைக்கும். எனக்கு இது பெரிய விஷயம், உள்ளேயே அடைத்துவைத்த பற்றரி செத்தால் ரேடியோவும் செத்த மாதிரி. ஒற்றைப் பக்கப்பட்டை எதற்கு? 7000 முதல் 7200 கிலோஹேர்ட்ஸ் வரை ஹாம் ஆட்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், கதைப்பதைக் கேட்க. 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த ஹாம் குழு ஒன்று அங்கிருந்து வெளியே செய்தி கொண்டுபோனது. செய்தியும் பாட்டும் போதும் என்பவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

எல்லாம் ஓரளவு திருப்தி என்றால் ஐந்தாறு மீற்றர் சாதாரண வயரை ஜன்னலுக்கு வெளியே விட்டு ஒரு முனையைக் கம்பி அன்ரனாவில் கவ்விப் பாருங்கள். பலவீன நிலையம் எழும்ப வேண்டும். எழும்பாமல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பினால் ரேடியோவுக்கு அது தாங்கவில்லை, வயரைப் பாதியாக வெட்டுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்தில் இடி குமுறத் தொடங்கினால் வயரைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும், உள்ளே சுருட்டி வைப்பதல்ல. கடற்காற்று அடிக்கும் வீடுகளில் அன்ரனாக் கம்பியும் பற்றரி தொடும் தகடும் உப்பில் பச்சை பிடிக்கும், என்னுடையது ஒரு மாரியிலேயே பிடித்தது, இப்போது கிழமைக்கு ஒரு தரம் உலர்ந்த துணியால் துடைத்து, கேட்காத நாட்களில் பற்றரியைக் கழற்றி வைக்கிறேன்.