எக்கோபாத்தில் கட்லா கணக்கு 1-ஐத் தாண்டியபோது

காவேரிப்பாக்கம் ஏரிக்கு எக்கோபாத் (எது எதைத் தின்கிறது, எவ்வளவு விளைகிறது, எவ்வளவு பிடிபடுகிறது என்று கணக்குப் போடும் மென்பொருள்) மாதிரி போட்டபோது, கட்லா, ரோகு மீன்கள் இரண்டுக்கும் சூழல் பயன்பாட்டுத் திறன் 1-க்கு மேலே போய்விட்டது. அதாவது, ஏரியில் விளைந்ததைவிட, வலையில் வந்ததும் மற்ற மீன்கள் தின்றதும் சேர்ந்து அதிகமாம்! இப்படி வந்தால் எல்லோரும் முதலில், எது எதை எவ்வளவு தின்கிறது என்று சொல்லும் இரை அட்டவணையில்தான் கைவைப்பார்கள். விரால் தின்னும் பங்கைக் குறைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அப்புறம் உற்பத்தி–உயிர்த்திரள் விகிதத்தை, அதாவது இருக்கும் மீனின் எடைக்கு ஓர் ஆண்டில் எத்தனை மடங்கு புதிதாக விளைகிறது என்பதைப் பார்த்தேன். கிடைத்த எண் ஆற்றில் வாழும் முதிர்ந்த மீனுக்கானது. இங்கேயோ விரல் நீளக் குஞ்சாக விட்டு, கோடையில் தண்ணீர் வற்றுமுன் அள்ளிவிடுகிறார்கள். இளமீன் மளமளவென்று எடை போடும். அந்த வளர்ச்சிக்கு ஏற்ப விகிதத்தை உயர்த்தி, விட்ட குஞ்சுகளின் எடையை, வெளியிலிருந்து வருவதற்கான உள்வரவுக் கட்டத்தில் போட்டேன். சரி, 1-க்குக் கீழே இறங்கியது. ஜிலேபிக் கெண்டையைத் தொடவில்லை. அது ஏரியிலேயே குஞ்சு பொரித்துப் பெருகுவது, அதற்கு இந்த வைத்தியம் ஆகாது.