பிரீசரில் கிடக்கும் சலம் சோதனைக்கு உதவுமா? படிப்படியாகப் பார்ப்போம்

சலம் (சிறுநீர்) எடுப்பதும் குழாய்க்கு எண் போடுவதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருவதுதான் இது.

1. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் காலையில் எடுத்த சலம் வாவி தாண்டி மட்டக்களப்பு நகருக்கு வர மதியமாகலாம். வெளியில் 2 மணித்தியாலம் தாண்டினாலே பக்டீரியா பெருகி யூரியாவை அமோனியாவாக்கும். பிஎச் (அமில-கார அளவு) ஏறும், குளுக்கோசு இறங்கும். எடுத்த உடனே ஐஸ் பெட்டிக்குள், 2–8 பாகை செல்சியசில் வையுங்கள். ரெஜிபோம் பெட்டி வேண்டாம், மூடி இறுகாது. தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டிதான் சரி. வந்துசேர்ந்ததும் பிஎச் 8க்கு மேல் நின்றால் தனியே குறித்துவையுங்கள். சலத்தொற்றாலும் ஏறும், ஆனாலும் வழியில் கெட்டதோ என்ற சந்தேகம் சந்தேகம்தான்.

2. சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றி மண்டியை அடியில் இறக்கும் மெஷின்) சுற்றி, மேலே தெளிந்ததை 2 மி.லீ. குழாய்களில் 1.5 மி.லீ. வீதம் விடுங்கள். வாய்வரை நிரப்பினால் உறையும்போது மூடி பிதுங்கும். லேபலை முன்னமே ஒட்டுங்கள்; பனி படிந்த குழாயில் ஒன்றும் ஒட்டாது. அல்புமின் (சலத்தில் கசியும் ஒரு புரதம்) பார்ப்பதானால் −80 பாகை பிரீசர்தான். −20இல் மாதக்கணக்கில் கிடந்தால் அளவு குறையும்.

3. மெஷினும் பிரீசரும் சரியா என்று பார்க்க, அன்றைக்கு மிஞ்சிய சலங்களை ஒன்றாகக் கலந்து 40 குழாயாக்கி, அதே பிரீசரிலேயே உறையவிடுங்கள். முதல் 20 அளவீட்டில் சராசரியும் நியமவிலகலும் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) கிடைக்கும். பிறகு சோதனை ஓட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய். சராசரியிலிருந்து 2 நியமவிலகல் தாண்டினால் எச்சரிக்கை, 3 தாண்டினால் அன்றைய முடிவுகளை ஏற்காதீர்கள். கடையில் வாங்கும் கட்டுப்பாட்டுத் திரவத்தையும் (அளவு முன்னமே தெரிந்தது) கூடவே ஓட்டுங்கள். அது சரியாக நின்று உங்கள் கலவை மட்டும் இறங்கிக்கொண்டே போனால் பிழை மெஷினில் இல்லை, பிரீசரில்.

4. அதிகம் சறுக்குவது உருக்கும்போதுதான். உருகிய குழாயின் அடியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மண்டி நிற்கும். கலக்காத தேநீரில் சீனி அடியில் கிடப்பதுபோல, அல்புமினில் ஒரு பங்கு அதோடு கிடக்கலாம். மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சினால் அளவு குறைவாக வரும். 37 பாகைத் தண்ணீரில் 15 நிமிடம் வைத்து, பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குலுக்க வேண்டாம், நுரைக்கும். ஒக்சலேட் (ஒருவகை உப்புப் படிகம்) மண்டி கரையாமலும் நிற்கலாம், அதைக் குறித்துவையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறையவிடாதீர்கள்.

5. கிரியற்றினின் (தசையிலிருந்து சலத்தில் வரும் கழிவு) டெசிலீற்றருக்கு (100 மி.லீ.) 30–300 மி.கிராமுக்கு வெளியே போனால் சலம் மிக ஐதானது அல்லது மிகச் செறிந்தது. வெயிலில் வயலில் நின்று வருபவர்களிடம் இரண்டாவதை எதிர்பாருங்கள்.

பிற்சேர்க்கை: தானாகப் பனி உருக்கும் வீட்டுப் பிரீசர் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் குழாய் சூடேறும். கரண்ட் போய் வந்ததை அறிய, கோப்பைத் தண்ணீரை உறையவிட்டு மேலே ஐந்து ரூபாய்க் குற்றியை வையுங்கள். குற்றி அடியில் கிடந்தால் பிரீசரில் இருந்தவை உருகி மறுபடி உறைந்திருக்கின்றன.