கப்பலில் போய்வந்தவர் சொல்ல வேண்டியவை

"கப்பல் பயணம் பிரமாதம்" என்று யாராவது சொன்னால், எந்த மாதம், எந்தத் தளம், எந்த அறை என்று உடனே கேட்டுவிடுவேன். இந்த விவரம் இல்லாத பாராட்டை வைத்துக்கொண்டு அடுத்தவர் என்ன செய்வார்?

அறையிலிருந்து தொடங்குங்கள். அறை எண்ணோடு, தலைக்கு மேலே என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே படுத்தவருக்குத்தான் தெரியும், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். முன்முனையில் கீழ்த்தள அறை என்றால், கரையை நெருங்கும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்துவிசிறிகளின் அதிர்வு கட்டில்வரை வரும். குமட்டலுக்குப் பயப்படுகிறவரை நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்கச் சொல்லுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. சன்னலை உயிர்காப்புப் படகு மறைத்ததா? அதையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது துறைமுகம். கப்பலைக் கரையோரம் கட்டினார்களா, நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கினார்களா என்று சொல்லுங்கள். படகு என்றால் காத்திருக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் இறங்குவதே ரத்தாகலாம். கரையில் கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பலோ தன் நேரப்படிதான் கிளம்பும். இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை.

சாப்பாட்டுக்கு இரண்டு வரி போதும். நாக்கு ஆளுக்கு ஆள் வேறு.

முதல் நாள் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். மருந்தும் மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். கட்டணத்தைச் சொன்னால், பதிவு செய்த மாதத்தையும், ஊழியருக்கான டிப்ஸ் அதில் அடக்கமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.