கந்தோர்: இந்தச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து வீட்டில் ஒருவர் "அப்பா இன்னும் கந்தோராலை வரேல்லை" என்று சொன்னால், தமிழ்நாட்டு வாசகர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார். கந்தோர் என்றால் அலுவலகம். அது ஒன்று. அடுத்தது அந்த 'ஆலை'. யாழ்ப்பாணப் பேச்சில் அது 'இருந்து' என்ற பொருளிலும் வரும். அப்பா இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். 'ஆபீஸ் வேலை காரணமாக வரவில்லை' என்று புரிந்துகொண்டால் கதையே வேறு பக்கம் போய்விடும்.

எழுத்தில் பார்க்கும்போது வேறொரு குழப்பம். சான்றோர், முன்னோர், கற்றோர் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, கந்தோரும் ஏதோ ஒரு மனிதக் கூட்டம் போலத் தெரியும். அச்சுப்பிழை என்று நினைத்து 'கண்டோர்' என்று திருத்தவும் கை போகும். திருத்தாதீர்கள். இது அஃறிணைப் பெயர், ஒருமை. கந்தோருக்கு, கந்தோரில், கந்தோரை என்று வேற்றுமை ஏற்கும். தபாலோடு சேரும்போது தபாற்கந்தோர்.

இது எங்கிருந்து வந்தது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஐரோப்பியச் சொல் என்று தெரிந்ததும் பலர் யோசிக்காமல் போர்த்துக்கீசியக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்த வழியில் வந்தவை என்பதால் இதுவும் அப்படித்தான் என்ற நினைப்பு. ஆனால் போர்த்துக்கீசியத்தில் அலுவலகத்துக்கு 'எஸ்கிரிட்டோரியோ' என்று சொல்வார்கள். கந்தோர் டச்சு மொழியின் 'கான்தோர்'. 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1795 வரை அங்கே ஆண்டார்கள். அவர்கள் நிர்வாகத்தோடு வந்த சொல் இது. சிங்களத்தில் 'கந்தோருவ' என்றும், ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவில் 'கன்தோர்' என்றும் இன்றைக்கும் இருக்கிறது.

டச்சுக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. காசு எண்ணும் மேசை என்பது அங்கே பழைய பொருள். அதே பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கவுண்டர்' ஆனது. ஆக, டிக்கெட் கவுண்டரும் தபாற்கந்தோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே இதுதான்.

அந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றில் 'ட', மற்றதில் 'த'. ஆங்கிலேயரின் 't' நம் காதில் பெரும்பாலும் 'ட' என்று விழுந்தது, டச்சுக்காரரின் 't' பல இடங்களில் 'த' என்று விழுந்தது. ஆங்கில வழியில் நோட்டரி, டச்சு வழியில் நொத்தாரிசு. டச்சில் சிறியதைக் குறிக்கச் சொல்லின் கடைசியில் சேர்க்கும் விகுதி நம்மிடம் 'ச்சி', 'ஞ்சி' ஆனது. மேசை இழுப்பறைக்கு லாச்சி, பீன்ஸுக்குப் போஞ்சி என்று ஈழத்தில் சொல்வது அப்படி வந்ததுதான். ஆனால் ஒலியை மட்டும் நம்பி மூலத்தை முடிவு செய்யக் கூடாது. 'டாயிட்' என்ற டச்சுச் செப்புக்காசு நம் வாயில் 'துட்டு' ஆனபோது, அதன் கடைசி 't' 'த' ஆகாமல் 'ட' என்றே விழுந்து, அந்தக் கணக்கை அங்கேயே உடைத்துவிட்டது.

காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்ற சொல்லில் தவறு தலைகீழாக நடக்கும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகள் பெயர்பெற்றவை என்பதால் அந்தச் சொல்லையும் டச்சுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். சொல் போர்த்துக்கீசியம். பிறகு வந்தவர்கள் வேலையையும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் டச்சுத் தடம் தேடித் தரங்கம்பாடிக்குப் போகிறவர்களும் உண்டு. அது டேனிஷ்காரர் கோட்டை. டச்சுக்காரர் இருந்தது 1613இல் கோட்டை எழுந்த பழவேற்காட்டிலும், சதுரங்கப்பட்டினத்திலும், நாகப்பட்டினத்திலும். துட்டும் கக்கூசும் இரண்டு கரையிலும் புழங்குவதை அதோடு சேர்த்துப் பார்க்கலாம். கக்கூசும் டச்சுதான், ஆங்கிலத்தில் மூலம் தேடினால் கிடைக்காது.

நொத்தாரிசைப் பற்றி ஓர் எச்சரிக்கை, இது காசு சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் நோட்டரி என்றால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைப்பவர் என்றுதான் முதலில் தோன்றும். இலங்கையில் காணி விற்பதென்றால் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி, அதாவது பத்திரம், எழுதியாக வேண்டும். அவர் இல்லாமல் எழுதிக்கொண்ட விற்பனை செல்லாது. ஊரில் பூர்வீகக் காணி உள்ளவர்கள் பெயர் ஒன்றுதானே என்று இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, கந்தோரை எங்கே பயன்படுத்துவது? ஈழத்துப் பாத்திரம் என்றாலே கந்தோர் என்று பேசவைக்கும் பழக்கம் கதைகளில் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் மூத்தவர்களின் சொல். இருபது வயதுப் பிள்ளை 'ஒஃபிஸ்' என்றுதான் சொல்லும். மலையகத் தமிழரின் வாயில் வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்களுடைய முன்னோர் ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் பேச்சுக்குத் தனி வரலாறு உண்டு. அப்புறம், கச்சேரி வேறு, கந்தோர் வேறு. இலங்கையில் கச்சேரி என்றால் மாவட்டத்தின் அரச நிர்வாகம் நடக்கும் இடம். 'கச்சேரிக்குப் போனார்' என்று படித்ததும் பாட்டுக் கேட்கப் போனார் என்று நினைக்க வேண்டாம்.

பழைய கடிதங்களையோ நாட்குறிப்புகளையோ பதிப்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புரியாது என்று அஞ்சிக் கந்தோரை 'அலுவலகம்' என்று மாற்றிவிடாதீர்கள். முதல் தடவை வரும்போது ஓர் அடிக்குறிப்பு போதும்.