ஃபுட்வாலி ஆடிப் பழகுவது எப்படி: கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணல் ஆட்டம்

நடுவில் வாலிபால் நெட். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். பந்து மணலில் விழக் கூடாது, கையிலும் படக் கூடாது. ஃபுட்வாலி என்றால் இவ்வளவுதான். காலால் அடிக்கலாம், தொடையால் தூக்கலாம், நெஞ்சால் ஏந்தலாம், தோளால் தள்ளலாம், தலையால் முட்டலாம்.

1965 வாக்கில் ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா கடற்கரையில் ஒக்டாவியோ டி மொராயிஸும் நண்பர்களும் தொடங்கிவைத்த ஆட்டம் என்பார்கள். அப்போது கரையில் ஃபுட்பால் ஆடத் தடை இருந்தது. வாலிபால் கோர்ட்டுக்குத் தடை இல்லை. பந்தை விட மனசில்லாத ஃபுட்பால்காரர்கள் நெட்டுக்கு இரண்டு பக்கமும் போய் நின்றுகொண்டார்கள். ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் வரை ஆடியிருக்கிறார்கள். கை தேறத் தேற (கால் தேற என்றுதான் சொல்ல வேண்டும்) பந்து கீழே விழுவேனா என்றது. ஆள் குறைந்துகொண்டே வந்து இரண்டில் நின்றது. ரொமாரியோ, ரொனால்டினோ போன்ற உலகக் கோப்பை நாயகர்கள் இதில் பைத்தியமாக இருந்தது ஆட்டத்துக்கு நல்ல விளம்பரம்.

ஃபுட்பால் நன்றாக ஆடுகிறவர்கள் இதில் சுலபமாகத் தேறிவிடுவார்கள் என்று நினைப்போம். முதல் சில நாள் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. காரணம் ஒரே ஒரு விதி. அதைச் சொல்வதற்கு முன்னால் கோர்ட்டைப் பார்த்துவிடலாம்.

கோர்ட், நெட், பந்து

கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இன்றைய பீச் வாலிபால் அளவான 16-க்கு 8 மீட்டரிலும் நிறையப் பேர் ஆடுகிறார்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சிறியதே நல்லது, ஓட வேண்டிய தூரம் குறையும். நெட் உயரம் ஆண்களுக்கு 2.20 மீட்டர், பெண்களுக்கு 2 மீட்டர் என்பது பரவலான வழக்கம். ஆண்கள் வாலிபால் நெட் 2.43 மீட்டர். ஆக, ஏற்கெனவே கட்டியிருக்கும் நெட்டை ஒரு சாண் இறக்கிக் கட்டினால் அளவு சரியாக வரும். பழகும் காலத்தில் இன்னும் ஒரு சாண் இறக்கினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பந்து ஐந்தாம் நம்பர் ஃபுட்பால் அளவுதான். இதற்கென்றே மிகாசா எஃப்டி-5 போன்ற பந்துகள் இருக்கின்றன. தோல் மென்மை, நெஞ்சில் பட்டால் சுள்ளென்று எரியாது. அது இல்லாவிட்டால் பழைய ஃபுட்பாலில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்து மட்டும் வேண்டாம், தலைக்கு ஆகாது.

மணல் காய்ந்து, உதிரியாக இருக்க வேண்டும். அலை ஓரத்து ஈர மணல் தரை மாதிரி இறுகியிருக்கும். அதில் குதித்து இறங்கினால் கணுக்கால் சொல்லும். ஆரம்பிக்கும் முன் இரண்டு பேர் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலால் மணலைக் கிளறிக்கொண்டே நடந்து சிப்பி, கண்ணாடித் துண்டு இருந்தால் பொறுக்கிவிடுங்கள்.

விதிகள்

ஒரு அணி அதிகபட்சம் மூன்று தொடுதலுக்குள் பந்தை நெட்டுக்கு அப்பால் அனுப்ப வேண்டும். ஒன்றிலோ இரண்டிலோ அனுப்பினாலும் சரிதான். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. கையிலோ தோளுக்குக் கீழே புஜத்திலோ பட்டால் எதிரணிக்குப் புள்ளி. உடம்பு நெட்டில் பட்டாலும் அப்படியே. கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு.

யார் சர்வீஸ் போட்டிருந்தாலும் ஒவ்வொரு முறை பந்து விழும்போதும் ஒரு புள்ளி உண்டு. 18 புள்ளிக்கு ஒரே செட், அல்லது 15 புள்ளி வீதம் மூன்றில் இரண்டு செட் என்று ஆடுவார்கள். எது என்பதை ஆடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சில புள்ளிக்கு ஒரு முறை பக்கம் மாறிக்கொள்வதும் வழக்கம். கடற்கரையில் காற்றும் வெயிலும் எப்போதும் ஒரு பக்கத்துக்குத்தான் சாதகம், அதனால் இதில் பெருந்தன்மை காட்ட வேண்டாம்.

முதலில் சொன்ன அந்த ஒரு விதி, ‘அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது’ என்பதுதான். ஃபுட்பாலில் சின்ன வயதிலிருந்து என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்கு, காலடியில் போடு, இரண்டாம் தொடுதலில் வேலையை முடி. இங்கே அந்த இரண்டாம் தொடுதல் உங்களுடையது இல்லை, கூட்டாளியுடையது. நெஞ்சில் வாங்கி அழகாகக் காலடியில் இறக்கினீர்கள் என்றால் புள்ளியை எதிரணிக்கு இறக்கிக் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். தென்கிழக்கு ஆசியாவில் இதே மாதிரி நெட் கட்டிக் காலால் ஆடும் செபாக் தக்ராவில்கூட ஒரே ஆள் தொடர்ந்து தட்டிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகையும் இல்லை. ஆகவே, பந்தை அடக்காதீர்கள், எழுப்புங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைச் சுற்றித்தான்.

படி 1: சர்வீஸ்

கடைசிக் கோட்டுக்குப் பின்னால் மணலைக் கூட்டிச் சின்ன மேடு கட்டுங்கள். ஒரு கைப்பிடி உயரம் போதும். மேலே கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, அதில் பந்தை உட்கார வையுங்கள். காற்று அடித்தால் பந்து உருண்டு போகும்; அரை அடி தோண்டினால் வரும் ஈர மணலில் கட்டினால் மேடு கலையாது. மேடு கட்டுவதற்கு மட்டும் கையைப் பயன்படுத்தலாம், நல்லவேளை.

இரண்டு அல்லது மூன்று எட்டு பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். நீண்ட ஓட்டம் வேண்டாம். புல் தரையில் ஓடிவந்து ஊன்றும் கால் நிற்கும், மணலில் வழுக்கிப் புதையும். ஊன்றும் காலை மேட்டுக்குப் பக்கத்தில் அரை அடி தள்ளி வையுங்கள். மேட்டை ஒட்டி வைத்தால் மணல் சரிந்து பந்து அசைந்துவிடும். கட்டைவிரலுக்கு மேலே, புறங்காலின் உட்பக்க எலும்பால் பந்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடியுங்கள். விரல் நுனியால் குத்த வேண்டாம். வெறுங்காலில் அப்படி ஒரு தடவை குத்தினாலே போதும், ஒரு வாரத்துக்கு நொண்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேகம் இப்போதைக்குத் தேவையில்லை. பந்து உயரமாக ஏறி, நெட்டைத் தாண்டி, எதிர்க் கோர்ட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இறங்கினால் போதும். குறி வைப்பதென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் வையுங்கள். ‘நீயா, நானா’ என்று அவர்கள் பார்த்துக்கொள்ளும் அரை நொடியில் பாதிப் புள்ளி உங்கள் பக்கம் வந்துவிடும். ஒரு ஆளுக்கு வலது தொடைதான் தைரியம், இடது பக்கம் தடுமாறுகிறார் என்று தெரிந்ததா? அப்புறம் எல்லா சர்வீஸும் அவருடைய இடது பக்கத்துக்கு.

படி 2: முதல் தொடுதல்

ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் தொடுதல் உயரமாகப் போனால் மீதி இரண்டும் தானாக வரும். பட்ட இடத்திலிருந்து பந்து 2 மீட்டர் மேலே போய்த் திரும்பி வர ஏறக்குறைய 1.3 நொடி ஆகும். 4 மீட்டர் போனால் 1.8 நொடி. அந்த அரை நொடி மணலில் இரண்டு எட்டு எடுத்து வைக்கும் நேரம். கூட்டாளி ஓடிவந்து பந்துக்கு அடியில் நிற்பாரா, அல்லது தடுமாறிக் காலை நீட்டுவாரா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. திசை கொஞ்சம் தவறினாலும் உயரம் இருந்தால் காப்பாற்றலாம். தாழப் போன பந்தை நேராகப் போனாலும் காப்பாற்றுவது கஷ்டம்.

நெஞ்சிலிருந்து ஆரம்பியுங்கள். உடம்பிலேயே அகலமான பரப்பு அதுதான், பயமும் குறைவு. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் பின்னுக்குத் தள்ளுங்கள். கை முன்னால் வந்தால் புஜத்தில் பட்டுவிடும், நெஞ்சும் குழிந்துபோகும். இடுப்புக்கு மேலே பின்னால் சாய்ந்து நெஞ்சை வானத்துக்குக் காட்டுங்கள். பந்து வந்து படுகிற நேரத்தில் முழங்காலை நிமிர்த்துங்கள். தூக்குவது நெஞ்சல்ல, கால்தான். நெஞ்சு வெறும் பலகை. சீக்கிரமாக நிமிர்ந்தால் பந்து முன்னால் தெறித்து நெட்டைத் தாண்டிவிடும், தாமதித்தால் வயிற்றில் வழிந்து இறங்கும். கூட்டாளியை மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, கையால் பந்தை மெதுவாக வீசச் சொல்லுங்கள். நெஞ்சால் எழுப்பிய பந்து தலைக்கு மேல் ஏறி அவர் கைக்கே போக வேண்டும்.

இடுப்பு உயரத்தில் வரும் பந்துக்குத் தொடை. முழங்காலுக்குப் பக்கத்தில் பட்டால் பந்து கண்டபடி தெறிக்கும். தொடையின் நடுச்சதையில் படட்டும். தொடை தரைக்கு இணையாக இருக்கும்போது பட்டால் நேர் மேலே போகும்.

இன்னும் தாழ்ந்து வந்தால் பாதத்தின் உட்பக்கம். ஃபுட்பாலில் தரையோடு பாஸ் கொடுக்கும் அதே பரப்புதான், ஆனால் அந்தப் பரப்பு மேலே பார்க்க வேண்டும். முழங்காலை வெளிப்பக்கமாகத் திறந்து, கணுக்காலை விறைப்பாக்கி, பாதத்தின் உட்பக்கம் தாம்பாளம் மாதிரி வானம் பார்க்கும்படி காலைத் தூக்குங்கள். உதைக்காதீர்கள். காலை வீசினால் பந்து எங்கே போகும் என்று கடலுக்குத்தான் தெரியும். பந்துக்கு அடியில் காலைக் கொண்டுபோய், அதோடு சேர்ந்து மேலே ஏறினால் போதும். கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்து பொத்தென்று விழும், உடனே தெரிந்துவிடும்.

இதற்கும் முன்னால் ஒன்று: காத்திருக்கும்போது குதிகாலில் நிற்காதீர்கள். மணலில் குதிகால் புதைந்தால் முதல் எட்டு எடுப்பதற்குள் பந்து விழுந்துவிடும். முன்பாதத்தில் எடையை வைத்துச் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருங்கள்.

படி 3: லிஃப்ட்

இரண்டாம் தொடுதல் கூட்டாளிக்கு எடுத்துக் கொடுப்பது. வாலிபாலில் லிஃப்ட் என்று நாம் சொல்வதேதான். முதல் பந்தை எடுத்தவர்தான் மூன்றாவதை அடிக்கப் போகிறார், ஏனென்றால் இருப்பதே இரண்டு பேர். அதனால் முதல் பந்தை எழுப்பியவர் நின்று ரசிக்காமல் அப்போதே நெட்டை நோக்கி நகர வேண்டும். லிஃப்ட் கொடுப்பவர் பந்தை நெட்டுக்கு ஒரு மீட்டர் இந்தப் பக்கம், நெட்டை விட நல்ல உயரத்தில் போடட்டும். நெட்டை ஒட்டிப் போட்டால் அடிக்கிறவர் நெட்டில் மோதுவார். தலை, தொடை, பாதம் எது வசதியோ அது.

பேசுங்கள். ‘எனக்கு’, ‘உனக்கு’, ‘விடு’ என்று மூன்று வார்த்தை போதும். நல்ல ஆட்டக்காரர்கள் இன்னொன்றையும் செய்வார்கள்: அடிக்கிறவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே எங்கே காலி இடம் என்று கூட்டாளி கத்துவார்.

படி 4: அடி

இங்கே ஸ்மாஷுக்கு உரியது பெரும்பாலும் தலைதான். நெற்றியின் மேல்பகுதியில், கண் திறந்தபடி. மணலில் ஓடிவந்து குதித்தால் உயரம் கிடைக்காது. இரண்டு காலையும் ஊன்றி நின்ற இடத்திலிருந்து எம்பினால்தான் கிடைக்கும். புதியவர்கள் வேகத்துக்கு ஆசைப்பட்டு நெட்டில் முட்டிவிடுகிறார்கள். பலம் தேவையில்லை, இடம்தான் தேவை. குறுக்கே மூலைக்கு ஒன்று, பக்கக் கோட்டோடு நேராக ஒன்று, நெட்டுக்குப் பின்னால் சொட்டென்று விழும் குட்டிப் பந்து ஒன்று. கடைசியதை பிரேசிலில் ‘பிங்கோ’ என்பார்கள். எதிராளிகள் பின்னால் நிற்கும்போது மெல்லத் தட்டிவிட்டால் மணலில் முன்னால் ஓடிவந்து எடுப்பது பெரும்பாடு. என்னைக் கேட்டால் புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய அடி இதுதான். ஆனால் எல்லோரும் கற்க விரும்புவது வேறொன்று.

அதுதான் சுறா அடி, ‘ஷார்க் அட்டாக்’. நெட்டுக்குப் பக்கத்தில் எம்பி, ஒரு காலை நெட்டுக்கு மேலே நீட்டி, உள்ளங்காலால் பந்தைக் கீழே அமுக்குவது. வீடியோவில் பார்த்தால் வாய் பிளக்கும். இறங்கும்போது கையை ஊன்றித்தான் விழ வேண்டும், மணிக்கட்டு மடங்கினால் வீங்கிவிடும். இடுப்பும் தொடை நரம்பும் நன்றாக வளையும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எப்படிப் பழகுவது

நேராக ஆட்டத்துக்குப் போனால் சர்வீஸ், விழுந்தது, சர்வீஸ், விழுந்தது என்று அலுத்துவிடும். முதலில் இரண்டு பேர் நெட் இல்லாமல் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு தொடுதல் வீதம் பந்தை எழுப்பிக்கொண்டே இருங்கள். அது தொடர்ந்து பத்து தடவை வந்ததும் நெட்டுக்கு இரு பக்கமும் நின்று ஒத்துழைத்து ஆடுங்கள். புள்ளி வேண்டாம், பந்து உயிரோடு இருந்தால் சரி.

அப்புறம் விதியைக் கொஞ்சம் தளர்த்தி ஆடலாம். பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர். சர்வீஸைக் காலால் போடாமல் கையால் வீசலாம். மணலில் பந்து எழும்பாது என்பதால் ‘ஒரு பவுன்ஸ்’ சலுகை இங்கே உதவாது. அதற்குப் பதிலாக முதல் தொடுதலை மட்டும் கையால் பிடித்து மேலே போட அனுமதியுங்கள். லிஃப்டும் அடியும் பழகியதும் அந்தச் சலுகையை எடுத்துவிடலாம்.

வெயில் ஏறிய பிறகு மணல் காலைச் சுடும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். வேறு வழியே இல்லை, நண்பகலில்தான் ஆட முடியும் என்றால் தடித்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு போங்கள்.