புது நாட்டில் முதல் கார்

காரைத் தேடும் முன் லைசென்ஸைக் கவனியுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான். அசலும் கையில் இருக்க வேண்டும். குடியேறியபின் எத்தனை நாள் அதை வைத்து ஓட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

நான் வாங்கியது பழைய கார். காரின் அடையாளமான சேஸிஸ் எண்ணின் 17 எழுத்து, இலக்கங்களையும் முன்கண்ணாடி ஓரத்திலும் பதிவுத்தாளிலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்று மாறினாலும் விட்டுவிடுங்கள். டயரில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நான் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்த ஒரு காரை வேண்டாமென்று திரும்பிவிட்டேன். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று விலை பேசும் முன்பே கேளுங்கள்.

ஓட்டும் பக்கம் மாறுகிறதா? நெரிசலில் பயமில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டும். விடியற்காலையில் பெட்ரோல் பங்க்கிலிருந்து காலிச் சாலைக்குத் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் கையை இழுக்கும். எனக்கு ஒருமுறை எதிரே லாரியே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் "நான் நடுக்கோட்டுப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். அந்த நாட்டுக்கென்றே செய்த காரில் ஓட்டுநர் இருக்கை பெரும்பாலும் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும்.